இறகு அக்காவின் தூண்டில்

எங்கள் பக்கத்து ஏழு தீவுகளிலும் வாரம் தவறாமல் மீன் பிடித்து, ஒருநாள்கூடக் கறி வைக்காத ஒரே பிறவி எங்கள் இறகு அக்காதான்.

இருபத்திரண்டு வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு எங்கள் ஊரான இறுப்பிட்டிக்குத் திரும்பியவர். வந்த கையோடு அயல்வீட்டுச் சேவல்களின் வாலை நோட்டம் விடத் தொடங்கினார். விழுந்த இறகைப் பொறுக்கி, தூண்டில் முள்ளில் நூலால் சுற்றி, ஈ மாதிரி ஒன்று கட்டுவார். அதுதான் இரை. இறாலும் இல்லை, புழுவும் இல்லை. அங்கே கல்லும் பாறையுமாகப் பாயும் பெரிய ஆற்றில் ட்ரவுட் என்ற மீனை இப்படித்தான் பிடிப்பார்களாம்.

எங்கள் தீவில் ஆறு ஏது? ஆகவே அக்கா நெஞ்சுவரை ஏறும் ரப்பர் காற்சட்டையோடு, வேலணையிலிருந்து கடலை ஊடறுத்து வரும் தாம்போதி வீதியோரம் இறங்கி நின்று, தலைக்கு மேலால் நூலைச் சாட்டைபோலச் சுழற்றுவார். பஸ்கள் மெதுவாகும். மோட்டார் சைக்கிளில் கந்தோர் வேலைக்குப் போன என் சட்டைக் கொலரில் ஒருநாள் அந்த ஈ கொளுவிக்கொண்டது. அந்த மாதம் அவரிடம் பிடிபட்டதில் ஆகப் பெரியது நான்தான். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கமானது.

பக்கத்தில் வலை வீசும் சூசை அண்ணை பரம்பரைக் கடற்றொழிலாளி. இறகைப் பார்த்துச் சிரித்தே பலநாள் வலையைப் பிழையாக வீசியவர். எங்கள் மீனுக்கு நோர்வேச் சாப்பாடு ஒத்துவராது என்பது அவர் வாதம்.

ஒரு பின்னேரம் கை நீளக் கொடுவா ஒன்று அந்த இறகைக் கவ்வியது. பஸ்ஸை நிறுத்திச் சனம் இறங்கிவிட்டது. சூசை அண்ணை சாரத்தோடு பாய்ந்து, மீனைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே, தலை சொதிக்கு, நடு பொரியலுக்கு என்று பங்கும் பிரித்துவிட்டார். அக்கா முள்ளை மெல்லக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டார்.

சூசை அண்ணை நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

“நாலு வீட்டுக் கறிக்குக் காணுமே அக்கா. ஏன் விட்டனீங்கள்?”

“அங்க மீன் தொழிற்சாலையில நாள் முழுக்க மீன் வெட்டினனான், சூசை. ஞாயிறு மட்டுந்தான் ஆத்துக்குப் போவன். ஒண்டெண்டாலும் என்ர கையால உயிரோட போகட்டும் எண்டு.”

மூன்று நாள் அவர் அக்காவின் பக்கமே பார்க்கவில்லை. நாலாம் நாள், கொடுவா எந்த நேரம் தாம்போதியின் எந்தப் பாலத்தடிக்கு வரும் என்று தானாகவே வந்து சொன்னார்.

இந்த வருடம் அக்காவால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. தாம்போதியில் கதிரை போட்டு அமர்ந்திருக்கிறார். சூசை அண்ணைதான் அவருக்காகத் தூண்டிலை எறிகிறார். இறகு அநேகமாகக் கரையோரப் பற்றைக்குள்தான் விழுகிறது. அக்கா பிழை சொல்லி ஏச ஏச, அவர் ஓம் ஓம் என்று எடுத்துத் திரும்ப எறிகிறார். கந்தோர் முடிந்ததும் நான் போய் அக்காவுக்குக் குடை பிடிக்கிறேன்.