எங்கள் குளத்துக்கு உங்கள் நங்கூரம் வேண்டாம்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

என் மூத்த சகலை, கடலூர் முருகையன் அண்ணன் அவர்களுக்கு, தருமன் கும்பிட்டு எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உங்கள் கொழுந்தியாள் ஜோதியம்மாளும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் நங்கூரப் பட்டறையும் நலமாக இருக்க வேண்டும். பட்டறை கொஞ்சம் கம்மியாக நலமாக இருந்தாலும் போதும்.

இது ஆள் வைத்து எழுதிய கடிதம் அல்ல. அறுபத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, வினோதினி டீச்சரிடம் கற்று, என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து வரி வருகிறது. எழுதியதை நானே படித்துப் பார்க்கிறேன்; அப்படியே சொல்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் அம்மன் கோயில் தெப்பத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய், அம்மனோடு துணி துவைக்கும் படியில் நிறுத்திவிட்டது. இந்த வருடம் தெப்பத்தை நடுக்குளத்தில் நிறுத்த நீங்கள் நங்கூரம் தருவதாகவும், அதற்காக உங்களுக்குப் பரிவட்டம் கட்டுவதாகவும் கமிட்டியில் பேசினார்கள். நாற்பது வருடமாக அந்தத் தெப்பம் மிதக்க அடியில் டிரம் கட்டுகிறவன் நான். இன்றுவரை என் தலையில் துண்டைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. ஆகவே நங்கூரத்தை அனுப்ப வேண்டாம்.

தை மாதம் உங்கள் பட்டறைக்கு வந்தபோது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். நங்கூரத்தின் நகங்கள் எந்தச் சாய்வில் இருந்தால் மண்ணில் இறங்கும் என்று தகட்டு அச்சு வைத்துப் பார்த்தீர்கள், தண்டை ஒரே இரும்பில் காய்ச்சி அடித்தீர்கள், வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சிவப்பு மருந்து தடவித் தேடினீர்கள், துரு பிடிக்காமலிருக்க உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கினீர்கள், கடைசியில் சங்கிலி மாட்டி, இழுவை காட்டும் மீட்டரில் முள் நகரும்வரை இழுத்தீர்கள். எனக்கு ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. ஜோதியம்மாள்தான் தொட்டி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விழுப்புரம் வரும்வரை பஸ்ஸில் அதே பேச்சு. மறுநாளே இங்கே கேட் செய்யும் சக்திவேலிடம் போய், பழைய கேட் கம்பியில் ஒரு நங்கூரம் செய்யச் சொன்னேன். சேற்று வயலில் டிராக்டரில் கட்டி இழுத்தோம். நகம் இரண்டும் சலாம் போட்டபடி வெளியே வந்தன. இரும்பு இளசு என்று அடுத்ததை லாரி வில்லுப் பட்டையில் செய்து, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். "வேணாம் பெரியவரே, முறுக்கு மாதிரி ஆயிடும்" என்று சக்திவேல் சொன்னான். மேஜையிலிருந்து விழுந்து, முறுக்கு மாதிரியே ஒடிந்தது. மூன்றாவதைத் தடிமனாகச் செய்தோம். துத்தநாகத் தொட்டிக்கு எங்கே போவது, வெள்ளி பெயின்ட் அடித்தேன். காய்வதற்குள் கமிட்டித் தலைவர் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே கையால் அம்மனைக் கும்பிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். ஜோதியம்மாள் என்னைப் பார்த்து, "எங்க அக்கா வூட்டுக்காரு செஞ்சது கப்பலையே நிறுத்துது. உன்னுது தலைவரு மூஞ்சிய வெள்ளையடிக்குது" என்றாள். அண்ணே, ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்? ஆனால் நேற்று குளத்தில் இறக்கிச் சோதித்தபோது தெப்பத்தில் இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தும் நங்கூரம் அசையவில்லை. தெப்பத்தின் பலகைதான் கழன்று வந்தது. தலைவர் என் கையைப் பிடித்து, பரிவட்டம் எனக்கே என்று சொல்லிவிட்டார். உங்கள் நங்கூரத்தை டிராக்டர் வைத்து இழுத்திருக்கிறீர்களா? இல்லையே.

அண்ணிக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. அம்மன் உங்களுக்குக் கடலூரிலேயே எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும். இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
தருமன் (என் கையெழுத்து)

பின்குறிப்பு: இன்று காலை கயிற்றை எடுக்க முங்கிய ராமன் மேலே வந்து, "இன்னா பெருசு, கயிறு மதகுக் கல்லுல சுத்திக்கினு கீது. உன் நங்கூரம் சும்மா மல்லாந்து படுத்துக்கினு கீது" என்றான். டிராக்டர்கள் இழுத்தது அந்தக் கல்லைத்தான். கரையில் எல்லோரும் கேட்டார்கள். ஜோதியம்மாளும் கேட்டாள். ஆகவே தெப்பத் திருவிழாவுக்கு முன், வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் நங்கூரத்தோடு வந்து சேரவும். மேலே எழுதியது எதுவும் இப்போது செல்லாது. ஆனால் பதினோரு நாள் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, நீங்களும் கிழிக்க வேண்டாம். பரிவட்டம் உங்களுக்குத்தான். ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த நங்கூரத்தைத் தூக்க ஒரு ஆள் போதாது, அந்தப் பக்கம் பிடிக்க இன்னொருவர் வேண்டும் என்று தலைவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.