மாலை கழற்றுவதற்கு முன் படிக்கவும்

ஷொர்ணூர்,
விருச்சிக மாதம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் சேகரனுண்ணி அவர்களுக்கு, ராவுண்ணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை விலாசினியும் நலம். அங்கு நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் உயிரோடு இருப்பதை ஊரைக் கூட்டிவந்து நேரிலேயே பார்த்துவிட்டதால், அதைக் கேட்க எனக்குக் கை கூசுகிறது.

சபரிமலைக்கு மாலை போட்டவர் கோபப்படக் கூடாது என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். அன்று உங்கள் முற்றத்தில் அத்தனை கூத்து நடந்தும் நீங்கள் என்னிடம், "பரவால்ல சாமி, சரணம்" என்று மட்டும் சொன்னீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை "எடோ" என்று அதட்டிக் கூப்பிடுகிற வாயிலிருந்து சாமி என்று வந்ததும் நான் இரண்டடி பின்வாங்கினேன். மலையிறங்கி மாலையைக் கழற்றிய மறுநிமிடம், அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வரும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நம் 'மேளப் பிரியர்கள்' இணையக் குழுவை நடத்துகிறவன் நான். கத்தார் முதல் கனடா வரை ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, எந்தக் காவுக் கோயிலில் என்றைக்குப் பூரத் திருவிழா, செண்டை மேளத்துக்கு யார் தலைமை. பதில் எழுதி எழுதி விரல் வீங்கியதால், கேட்டால் தானே பதில் சொல்கிற சாட்பாட் ஒன்றைச் செய்து குழுவில் விட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவனுக்கு இது முடியாதா என்ற திமிர். காரியஸ்தன் என்று பெயரும் வைத்தேன். வந்த வாரமே ஒருவர், செண்டை வாசித்த மாராரைப் பற்றி, "மாரார் இன்னிக்குத் தகர்த்துட்டார்" என்று எழுத, நம் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று அறியாத காரியஸ்தன், சேதத்துக்கு வருந்துகிறோம், உடைந்த பொருளின் விவரம் தரவும் என்று கேட்டுவிட்டான். மாரார் வீட்டில் என்ன உடைந்தது என்று துபாயிலிருந்தெல்லாம் போன். சரி, தகர்த்தால் கைதட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே ஒரு பாவப்பட்ட மனிதர், காற்றும் மழையும் தன் மாட்டுத் தொழுவத்தைத் தகர்த்துவிட்டன என்று எழுதினார். காரியஸ்தன் கைதட்டினான்.

இதற்கிடையில் நம் பழைய கொம்புக் கலைஞர் ஒருவர் காலமானார். அந்தச் செய்திக்குக் கீழே ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்; இன்னொருவர் சிரிக்கிற குழந்தையின் படத்தைப் போட்டார். இறந்தவரின் மகன் அதைப் பார்த்துவிட்டுக் குழுவை விட்டே போனார். அது எனக்கு மிகவும் வலித்தது. துக்கத்தையாவது மரியாதையாகக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் காரியஸ்தனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிவைத்தேன். படத்தில் கழுத்தில் மாலை இருந்தால் விளக்குப் படத்தோடு அஞ்சலி போடு, கீழே யாத்திரை என்ற சொல்லும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம் என்றேன்.

நீங்கள் ஐயப்பன்காவில் மாலை போட்ட கையோடு படமெடுத்து, 'மாலையிட்டாச்சு. பதினெட்டாவது யாத்திரை. அறிந்தும் அறியாமலும் செய்த பிழையை எல்லோரும் பொறுக்கணும்' என்று குழுவில் எழுதினீர்கள். காரியஸ்தன் யோசிக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஒற்றப்பாலத்து மேளக்காரர்கள் மலர்வளையத்தோடு கிளம்பிவிட்டார்கள். வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் தான் வைத்த ஓலன் கூட்டில் உப்பில்லை என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து, நான்கு வருஷமாக உங்கள் படி மிதிக்காத விலாசினி, செருப்புகூடப் போடாமல் காரில் ஏறினாள். "ஏட்டா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று அண்ணனுக்காக அவள் வாசலிலிருந்தே அலறிக்கொண்டு வர, நீங்கள் கறுப்பு வேட்டியும் கஞ்சிக் கையுமாக வெளியே வந்து நின்றீர்கள்.

"யாரு போனது?" என்று கேட்டீர்கள்.

"ஏட்டன்தான்" என்றாள்.

மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று மேளக்காரர்கள் கேட்க, அது வாசல் தாண்டக் கூடாது என்று உங்கள் மனைவி தடுக்க, சாவு சொன்ன வீட்டில் மாலையைக் கழற்ற வேண்டுமோ என்று யாரோ சந்தேகம் கிளப்ப, "என் சாவுக்கு நானே தீட்டுக் காக்கணுமா சாமி?" என்று நீங்கள் குருசாமியைப் போனில் கேட்டதைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இதில் ஒன்றுதான் உறுத்துகிறது. விலாசினியிடம், "அழாதீங்க மாளிகப்புறம்" என்றீர்கள். விரதத்தில் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் அழைக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு வருஷம் கழித்து வந்தவளுக்குத் தன் பெயரை உங்கள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அவள் அப்படியே திரும்பி வந்து காரில் உட்கார்ந்துவிட்டாள்.

காரியஸ்தனை நிறுத்திவிட்டேன். அவன் சார்பிலும் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்பது வேறொன்றும் உண்டு. இருமுடி கட்டுகிற நாளில் வீட்டார் ஆளுக்கொரு கைப்பிடி அரிசி போடுவார்களே, இந்தப் பதினெட்டாவது கட்டில் விலாசினி கை அரிசியும் விழட்டும். அவளாகக் கேட்க மாட்டாள். ரோஷம் உங்கள் தறவாட்டுப் பரம்பரைச் சொத்து, எனக்கு அதில் பங்கில்லை. ஒரு போன் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஐயப்பன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இதை இத்தனை மனதோடு நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

தங்கள் கீழ்ப்படிந்த
ராவுண்ணி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை விலாசினிக்குப் படித்துக் காட்டினேன். எதற்கு இத்தனை மன்னிப்பு என்று கேட்டாள். ஏட்டன் போட்ட படத்தைக் காரியஸ்தனுக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாளாம். "மாலையிடறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"பின்ன எதுக்கு அப்படி அழுதுகிட்டு ஓடினே?"

"நாலு வருஷமாச்சு. சும்மா எப்படிப் போய் நிக்கறது?"

ஆகையால் மேலே கேட்ட மன்னிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரியஸ்தனை மறுபடி ஓட விட்டாயிற்று. அரிசியை அவள் நேற்றே கல் பொறுக்கி வைத்துவிட்டாள். வரும்போது ஓலனும் கொண்டு வருவாளாம். உப்பு எப்படி இருந்தாலும் நீங்கள் சரணம் என்றுதானே சொல்ல முடியும் என்கிறாள்.