எனக்குப் போணி ஆகிவிட்டது

துணிக்கடைத் தெரு, ஸல்த்.
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம், புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஷுக்ரி அவர்களின் மேலான சமூகத்திற்கு, தங்கள் தங்கை நஜாஹின் கணவன் நாயிஃப் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் தங்கையும், தங்கள் தகப்பனார் விட்டுச் சென்ற துணிக்கடையும் நலம். தங்கள் நலத்துக்கும் தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் நலத்துக்கும் ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள், நீங்கள் பேசினால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. ஆகவே காகிதத்தில் எழுதி, தலைநகர் அம்மானுக்குப் போகும் மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தாங்கள் அங்கம் வகிக்கும் நுகர்வோர் நம்பிக்கை மீட்புக் குழு அச்சிட்ட துண்டறிக்கை போன வாரம் கிடைத்தது. அதன் பின்பக்கம் தாங்கள் கைப்பட எழுதியிருந்ததும் கிடைத்தது. பெருநாளுக்குள் கடையில் ஒரு வியாபாரமாவது நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் செல்போன் கடை வைக்க இடம் தேடும் தங்கள் நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கடை தங்கள் பெயரில் இருக்கிறது, நான் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? ஆனால் மச்சான், கல்யாணம் முடிந்த வாரத்தில் தங்கள் தகப்பனார் என்னை அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைத்தார். அன்றிலிருந்து வேறு எங்கும் நான் உட்கார்ந்ததில்லை. அங்கே உட்காராத நாயிஃப் எப்படி இருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு யாரும் தென்படவில்லை.

எனவே துண்டறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதில் வாடிக்கையாளரைப் புன்னகையுடன் வரவேற்கவும் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே முகக்கவசத்தை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்றும் இருந்தது. அப்படியானால் கண்ணால்தான் புன்னகைக்க வேண்டும் என்று முடிவு செய்து, வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தேன். தங்கள் தங்கை பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "ஏங்க, தூக்கம் வருதா, தும்மல் வருதா? எதுவா இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி நின்னு பண்ணுங்க, ஊரே பயந்து கிடக்குது" என்றாள். அதோடு புன்னகையைக் கைவிட்டேன்.

அடுத்த யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஆளில்லாத கடைக்கு ஆள் வராது, கடையில் வியாபாரம் மும்முரமாக நடப்பதாகத் தோன்ற வேண்டும் என்று குழுவார் எழுதியிருந்தீர்கள் அல்லவா? ஊரடங்கைத் தளர்த்திவிட்டார்களே தவிர, தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் கல் சுவர்களில் வெயில் ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்கும். படிக்கட்டில் பூனைகள் படுத்திருக்கும். மேலேயிருந்து ஓர் அத்திப்பழம் விழுந்தால் அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். சாயங்காலம் ஊரடங்குச் சங்கு ஊதும்போது, அன்றைக்குக் கடை திறந்தோமா, இல்லை திறந்ததாகக் கனவு கண்டோமா என்றே சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்ட தெருவில் நான் மட்டும் எழுந்து நின்று, கெஜக்கோலை எடுத்து, வராத ஆளுக்குப் பட்டுத் துணி அளந்தேன். மடித்தேன், காகிதத்தில் சுற்றினேன், சணல் கட்டினேன், பிரித்து மறுபடியும் அளந்தேன். எதிர்க்கடை ஜிரீஸ் அதைப் பார்த்தான். மறுநாள் அவனும் பொட்டலம் கட்ட ஆரம்பித்தான். அவனைப் பார்த்து அடுத்த கடை மித்கால் பெரியவரும் கட்டினார். இரண்டே நாளில் தெரு முழுக்கப் பொட்டலம். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு நடக்கிறது, நமக்குத்தான் இல்லை என்று ஒவ்வொருவனும் மனசுக்குள் பொருமிக்கொண்டு இன்னொரு முடிச்சுப் போட்டான்.

திங்கட்கிழமை பகலில், அந்தக் கனவுக்குள்ளிருந்து இறங்கி வந்த மாதிரி, ஒரு பெண்மணி தெருவின் மேல் வாசல் வழியாக வந்தாள். கையில் பெரிய கூடை. அதுவும் காலிக் கூடை. என் கடை முன்னால் வந்து நின்று, "மக கல்யாணத்துக்கு மெத்தை உறை, தலையணை உறை, திரை எல்லாம் வேணும். வெள்ளையில காட்டுங்க" என்றாள்.

மச்சான், நீங்களும் இந்தத் தெருவில் வளர்ந்தவர்தான். இங்குள்ள வழக்கம் அம்மான் தண்ணீரில் கரைந்து போயிருக்காது என்று நம்புகிறேன். காலையில் ஒருவனுக்குப் போணி ஆகிவிட்டால், அடுத்து வருகிறவரை இன்னும் போணி ஆகாத பக்கத்துக் கடைக்கு அனுப்பி வைப்பான். தங்கள் தகப்பனார் அனுப்பியிருக்கிறார், அவர் தகப்பனார் அனுப்பியிருக்கிறார். இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கையில் கட்டி முடித்த பொட்டலம், கல்லா மேல் அதே போல நாலு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு எனக்கு இன்னும் போணி ஆகவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? நோய் வந்த நாளிலிருந்தே ஆகவில்லை என்று எப்படிச் சொல்வேன்? எதிரே ஜிரீஸ் வேறு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எனக்குப் போணி ஆயிடுச்சுக்கா. எதிர்க்கடையில இன்னும் ஆகல. நல்ல சரக்கு வச்சிருக்கான், அங்க வாங்கிக்கங்க."

ஜிரீஸ் கையிலும் பொட்டலம். அவன் அவளை உட்கார வைத்து, மர்யமிய்யா இலை போட்ட தேநீர் கொடுத்துவிட்டு, "நமக்குக் காலையிலேயே ஆயிடுச்சும்மா. மித்கால் பெரியவர் பாவம், அவர்கிட்ட போங்க" என்றான். மித்கால் இன்னொரு தேநீர் கொடுத்து, "எனக்கு ஆகலைன்னு யார் சொன்னா? கீழ்க்கடைக்காரன் பிள்ளைகுட்டிக்காரன், அவனைப் பாரு தாயி" என்றார். இப்படியே ஒவ்வொரு கடையிலும் ஒரு தேநீர், ஒரு உபசாரம், அடுத்த கடைக்காரனைப் பற்றி ஒரு புகழ்மாலை. வெள்ளைத் துணி கேட்டு வந்தவள் வெறும் கூடையோடு கீழ் வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். வெயிலில் அவள் சின்னதாகிக்கொண்டே போவதை நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். கூப்பிட வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. மனசார உதவி செய்துவிட்ட நிம்மதியில் அப்படியே நின்றோம்.

இதைக் கேட்டு நஜாஹ் சொன்னதைத் தங்களுக்கு எழுதும் துணிவு எனக்கில்லை. பாதியை மட்டும் எழுதுகிறேன். "எங்கண்ணன் குழு போட்டு நம்பிக்கையை மீட்குறாரு. நீங்க தேநீர் கொடுத்து வழியனுப்பி வைக்கிறீங்க. நல்ல பொருத்தம்!" அன்று தூக்கத்தில் அந்தப் பெண்மணி முடிவில்லாத ஒரு தெருவில் நடந்துகொண்டே இருந்தாள். கடைகளிலெல்லாம் முகக்கவசம் போட்ட நான்தான் நின்றேன்.

நேற்றுக் காலை அவளே திரும்பி வந்தாள். இந்தத் தடவை எந்தக் கடைப் பக்கமும் திரும்பவில்லை. தெரு நடுவில் கூடையை வைத்துவிட்டு நின்றாள்.

"எம் மக கல்யாணம் ரெண்டு தடவை தள்ளிப் போயிடுச்சு. இனிமே நடக்குமான்னு எனக்கே பயமா இருக்கு. துணி வாங்கி வீட்டுல வச்சுட்டா நடந்துரும்னு நெனச்சுத்தான் வந்தேன். தெருவே சேர்ந்து என்னை வெறுங்கையோட அனுப்பிட்டீங்க. இது நல்ல சகுனமில்லன்னு வீட்டுல அழுகை. இப்ப நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. இன்னும் போணி ஆகாதவங்க யாரு? கையைத் தூக்குங்க."

ஆளாளுக்குக் கையிலிருந்த பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தோம். பிறகு மித்கால் பெரியவர், தன் தகப்பனாருக்கே தலை குனியாதவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர், மெதுவாகக் கையைத் தூக்கினார். "இன்னிக்கு இல்ல தாயி. நோய் வந்ததுலேருந்தே இல்ல" என்றார். ஜிரீஸ் தூக்கினான். அப்புறம் அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று தெருக்கோடி வரை கைகள் எழும்பின. என் கை எப்போது மேலே போனதென்று எனக்குத் தெரியாது. அண்ணாந்து பார்த்தேன், அங்கே இருந்தது. இத்தனை நாளாக நான் பொறாமைப்பட்டவர்களில் ஒருவனுக்கும் ஒரு முழம்கூட விற்கவில்லை! எனக்கு அழுகை வந்தது மச்சான், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அழுதால் முகக்கவசம் நனைந்துவிடும் என்று துண்டறிக்கையில் போட்டிருக்கலாம்.

முதலில் கை தூக்கியவர் என்பதால் அவள் மித்கால் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கினாள். நியாயம்தான். நாங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிற்க, அவர் அளந்தார். வெள்ளைத் துணி தெருவின் குறுக்கே நீண்டது. தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி உள்ளதால் கொஞ்சம் அதிகமாகவே நீண்டது. அவள் கூடை நிரம்பியது. "நடந்துரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். நுகர்வோர் நம்பிக்கை என்பதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதைத் தங்கள் குழுவின் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் வாக்கு வாக்குதான். வியாபாரம் நடந்தது மித்கால் கடையில், நம் கடையில் இல்லை. பெருநாளுக்குள் இந்தத் தெருவுக்கு இன்னொரு கூடை வரப்போவதில்லை, தாங்கள் விதித்த நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். தங்கள் நண்பரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரு சொல் பேசாமல் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். இது சத்தியம்.

தங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் தங்கள் கையில் பரக்கத்தையும், குழுவுக்கு நல்ல யோசனைகளையும், எனக்குப் பொறுமையையும், தங்கள் தங்கைக்குக் கொஞ்சம் குறைவான பேச்சையும் அருள்வானாக.

இப்படிக்குத் தங்களுக்குக் கட்டுப்பட்ட,
நாயிஃப்

பின்குறிப்பு: டிரைவர் இன்னும் பயணிகள் சேராமல் காத்திருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தங்கள் நண்பரே வந்துவிட்டார். நல்ல சட்டை, நல்ல கைக்கடிகாரம். "கொடுக்கப்போற கடை இதுதானே?" என்று கேட்டார். சாவி என் கையில்தான் இருந்தது. "இது கைமாறிடுச்சுங்களே. எதிர்க்கடை இதைவிட நல்ல இடம், போய்ப் பாருங்க" என்றேன். வாய் தவறிவிட்டது என்று எழுதத்தான் நினைத்தேன். தவறவில்லை மச்சான். ஜிரீஸ் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான், அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தான், தன் கடைக்கு முன்பணமே வாங்கியாகிவிட்டது என்று சொல்லி மித்கால் பெரியவரிடம் அனுப்பி வைத்தான். இதை நான் முடிக்கும்போது அவர் கீழ் வாசலைத் தாண்டிவிட்டார், அநேகமாக இந்தக் கடிதம் வரும் பஸ்ஸிலேயே அவரும் வருகிறார். மறுபடியும் யாரையாவது அனுப்புவதாக இருந்தால், துணி வாங்குகிறவராகப் பார்த்து அனுப்புங்கள்.