கர்ப்பச் சோதனைக்கே ஒரு சோதனை

இனி எந்தச் சோதனைப் பட்டையையும் தன் கையால் சோதிக்காமல் நம்புவதில்லை என்று தராசுக்காரர் சபதம் எடுத்தார். குளியலறை வாசலில் நின்றுதான் எடுத்தார். உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி வாய் நிறைய நுரையோடு தலையாட்டினாள்.

அவர் தராசு செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். அவர் கையெழுத்து விழாமல் ஒரு தராசும் வெளியே போகாது. அப்பேர்ப்பட்டவரே போன முறை ஏமாந்துவிட்டார். மனைவி காலையில் குப்பைக்கூடையில் போட்ட கர்ப்பச் சோதனைப் பட்டையை மாலையில் எடுத்துப் பார்த்தார். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது. உடனே தொழிற்சாலை முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். சொன்ன நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும், பிறகு காய்ந்து தெரிகிற கோட்டுக்கு மதிப்பில்லை என்று உறையிலேயே அச்சடித்திருந்தது. அதை யார் படித்தார்கள்? வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தலைபோனாலும் இன்னொரு முறை அவளை அப்படி அழவிடக் கூடாது என்று அவருக்கு வைராக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை நடத்தப்போகிற சோதனைக்காக மருந்துக்கடையையே அள்ளி வந்து மேஜையில் கொட்டினார். மனைவி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இது தேதி முடிஞ்சது. தூக்கிப் போடுங்க."

"அட! நான் பாக்கலியே."

"இது கருமுட்டை வர்ற நாளைப் பாக்கறது. கர்ப்பத்துக்கு இதை வெச்சுப் பாக்கக் கூடாது."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"உப்பும் சர்க்கரையும்கூடத்தான் ஒரே மாதிரி இருக்கு."

தரம் பார்க்கிறவருக்கே தரம் சொல்கிறாளே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டிக்கொள்ளவில்லை.

"தராசை எப்படிச் சோதிப்போம் தெரியுமா? முதல்ல வெறும் தட்டு. முள்ளு பூஜ்யத்துல நிக்கணும். அப்புறம் எடைக்கல். சரியான எடையைக் காட்டணும்."

"இங்க வெறும் தட்டு யாரு?"

"நான்தான். எனக்கு ஒரு கோடுதான் வரணும்."

"பொருத்தமாத்தான் இருக்கு. எடைக்கல்?"

இங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். மாடி வீட்டு டெய்லரம்மா நிறைமாத கர்ப்பிணி. அவரிடம் காலைச் சிறுநீர் கொஞ்சம் வாங்க வேண்டும். அதை எந்த ஆம்பளை, எந்த வாயால் கேட்பான்?

"நான் போய் வாங்கிட்டு வர்றேன். கிண்ணத்தைக் குடுங்க" என்றாள் அவள்.

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று அவர் உருகிப்போனார்.

ஞாயிறு விடிந்ததும் அவள் மூடிபோட்ட கிண்ணத்தோடு மாடிக்குப் போனாள். போன சுருக்கில் நிறைத்துக் கொண்டுவந்தாள். தராசுக்காரர் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டார். கையில் கடிகாரம், மூக்கில் கண்ணாடி. வெறும் தட்டுக்கு எல்லாப் பட்டையிலும் ஒரு கோடு. எடைக்கல்லுக்கு எல்லாவற்றிலும் பளிச்சென்று இரண்டு கோடு. மலிவான பட்டையும் விலை உயர்ந்த பட்டையும் ஒன்றுபோலவே சொல்லின.

"எல்லாம் பாஸ்!" என்று வெளியே வந்து முழங்கினார். "இதுங்க ரெண்டு கோடு காட்டினா ரெண்டு கோடுதான். இனி ஒரு பய மறுத்துப் பேச முடியாது."

"நீங்களும் மறுக்க மாட்டீங்களே?"

"நானா? என் கையால சோதிச்சிருக்கேன்!"

நன்றி சொல்லாமல் இருந்தால் மரியாதையில்லை என்று மாடிக்கு ஏறினார். டெய்லரம்மா தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க பண்ணின உதவியை மறக்கவே மாட்டேம்மா."

"என்ன உதவி அண்ணே?"

"அதான்... காலையில... அந்தக் கிண்ணம்..."

"கிண்ணமா? நான் ஒண்ணும் குடுக்கலியே. உங்க வீட்டம்மா கிண்ணத்தோட வந்தாங்க. பாத்ரூம் எங்கேன்னு கேட்டாங்க. போனாங்க, வந்தாங்க, சிரிச்சிட்டே இறங்கிட்டாங்க."

தராசுக்காரர் படி இறங்கினார். பாதிப் படியில் விஷயம் உறைத்தது. மீதிப் படியை எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

"அப்ப அந்த எடைக்கல்லு... நீயா?"

"நான்தான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். இவள் ஒரு பிள்ளையையே மறைத்திருக்கிறாள்! அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா? பட்டையைப் பிடிச்சு, கம்பெனியைப் பிடிச்சு, கடைக்காரரைப் பிடிச்சு ஒரு வாரம் விசாரிச்சிருப்பீங்க. அந்தப் பட்டையெல்லாம் நீங்களே பாஸ் போட்டுட்டீங்க. இப்ப மறுங்க பாப்போம்."

அவர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருந்தாலும் தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"எப்படியோ, நான் இவ்வளவு பாடுபட்டதாலதானே இன்னிக்கு உறுதியாச்சு?"

"அதை டாக்டரம்மா ரத்தத்தைப் பாத்து முந்தாநாளே உறுதி பண்ணிட்டாங்க."

"அப்ப காலையிலேருந்து என்னை எதுக்கு குளியலறையில உக்கார வெச்சே?"

"சத்தமில்லாத இடத்துல கொஞ்சம் ஓய்வா இருங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்களைக் குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட வைக்க எனக்கு வேற வழி தெரியலைங்க."