அரையும் அரையும் சேர்ந்தால் அரை

கும்மிடிப்பூண்டி,
வியாழன் காலை.

அன்புள்ள மச்சான் அன்புராஜ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் ஆதிகேசவன் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு நான், சாராள், மகள் ஜெனிபர் மூவரும் சுகம். மூவரில் இருவர் மூன்றாமவனிடம் திங்கட்கிழமையிலிருந்து பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. தங்கள் சுகத்துக்கும், தங்கள் இரத்த அழுத்தம் கொஞ்சமாவது இறங்குவதற்கும் ஜெபிக்கிறோம். இரத்த அழுத்தத்தை மரியாதைக்காகச் சொல்லவில்லை. கடிதத்தின் விஷயமே அதுதான்.

பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து நாலு வருடத்தில் முடிகிற படிப்புக்கு ஜெனிபர் மனுப் போட்டாள். திருவள்ளூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. எந்தப் பாடத்துக்கு ஆசிரியை ஆகப் போகிறாள் என்பதை நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பி.ஏ., பி.எட். ஆங்கிலம் என்பது என் முடிவு. பி.எஸ்ஸி., பி.எட். கணிதம் என்பது அவள் பிடிவாதம். ஆங்கில ஆசிரியை தப்பாகச் சொன்னாலும் கண்டுபிடிக்க எங்கள் தெருவில் ஆள் இல்லை. கணக்கில் விடை ஒன்றுதான். அதையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்து எல்லாருக்கும் காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். போகட்டும், தங்களையே எடுத்துக்கொள்வோம். முப்பத்தொரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்து இரத்த அழுத்தத்தைச் சம்பாதித்திருக்கிறீர்கள். தங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை கடைத்தெருவில் தங்களைக் கண்டதும், தங்களிடம் படித்த ஒரு பெரிய மனிதர் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அவர் இடுப்பில் பேரக் குழந்தை இருந்தது. ஜெனிபருக்கும் அந்தக் கதி வர வேண்டுமா? இதைச் சொன்னதற்குத் தங்கள் தங்கை, "எங்க அண்ணன் கணக்கு சொல்லிக் குடுத்துதான் உனுக்கு பீரோ வாங்கித் தந்துச்சு. அந்த பீரோல சட்டைய வெச்சிக்கினு பேசாத" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நான் விசாரிக்காமல் முடிவு செய்யவில்லை. எங்கள் இரும்பு ஆலையில் என் வேலை, ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மூன்று கம்பியை வெட்டி, வளைத்துப் பார்ப்பது. வளைவின் வெளிப்பக்கம் விரிசல் விழுந்தால் லாட் திரும்பிப் போகும். விழாவிட்டால் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இருபத்திரண்டு வருட அனுபவம். (சதவீதம் போடுவது போன்ற சில்லறை வேலைகளை உடன் வேலை செய்யும் ரகுவிடம் விட்டிருக்கிறேன்.) போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தெருப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டி வந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்து, ஜெனிபரைக் கணக்கு நடத்தச் சொன்னேன். நான் ஏழாவது ஆளாகக் கடைசியில் உட்கார்ந்தேன். வளைக்க வேண்டியவன் நான்தானே. அவள் மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்ட ஆரம்பித்ததுமே கையைத் தூக்கினேன்.

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ மூணும் நாலும் ஏழு. ஏழுல ரெண்டுன்னு போட்டா இன்னா தப்பு?"

அவள் முகம் மாறவில்லை. கோபமும் இல்லை. "நல்ல கேள்விப்பா. அப்ப உன் கணக்குல அரையும் அரையும் சேத்தா எவ்ளோ?"

"மேல ரெண்டு, கீழ நாலு."

"நாலுல ரெண்டுன்னா?"

"அரை."

"அரை சப்பாத்தியும் அரை சப்பாத்தியும் சேந்தா அரை சப்பாத்தி. மீதிய யாரு துன்னது?"

"அங்கிள் துன்ட்டாரு மிஸ்!" என்றாள் ஆறாம் வகுப்புச் செல்வி. காலை வரை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மாடித் தொட்டி நிரம்பி வழிவது ஞாபகம் வந்தது. மோட்டாரை நிறுத்தப் போய்விட்டதால் சோதனையின் முடிவைத் தங்களுக்குத் தெரிவிக்க இயலவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை நான் ஒரு நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. பாடத்தை உறுதி செய்யும்போது, மனுவில் கொடுத்த போனுக்கு ஆறு இலக்க ஓடிபி ஒன்று வரும். மனுவில் இருப்பது என் போன். ஆகவே அதை அணைத்து, குளிக்கும்போதுகூட பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூடவே வைத்திருக்கிறேன். ஆலைக்குள் போன் கூடாது என்பதால் ஷிப்ட் நேரத்தில் கேட்டில் செக்யூரிட்டி லோகுவின் பெட்டியில் அது பத்திரமாக இருக்கும். நாளை எனக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே. லோகுகூட, "இன்னாத்துக்கு ஆதி இந்த பேஜாரு? பொண்ணு ஆசப்பட்டத படிச்சிட்டுப் போவட்டுமே" என்றான். கேட்டைத் திறந்து மூடுகிறவனுக்குக் கல்வியைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

போன் அணைந்திருப்பதால் தங்களைக் கூப்பிட முடியவில்லை. அதனால்தான் கடிதம். தாங்கள் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து ஜெனிபர் எதிரே உட்கார்ந்து, "ஆங்கிலம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டாம். தங்கள் முகத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்வாள். இந்தக் கடிதம் சனிக்கிழமைதான் போய்ச் சேரும் என்று சாராள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவர் பதில் சொல்லவில்லை. அப்படித் தாமதமானால் கடிதம் கிடைப்பதற்கு முன்பே தாங்கள் புறப்பட்டுவிடவும்.

வீட்டில் விக்டோரியா அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பத்தையும் தங்கள் பள்ளிப் பிள்ளைகளையும், குறிப்பாகப் பிள்ளைகளை, கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஆதிகேசவன்.

பி.கு.: வெள்ளி மாலை ஆறரை, ஆலை கேண்டீன். கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தாங்கள் புறப்பட்டிருந்தால் திரும்பிவிடவும்.

நாலே முக்காலுக்கு லோகு டெஸ்ட் ரூமுக்கே வந்து, "ஆதி, உம் பொண்ணு கேட்டாண்ட நின்னுக்கினு கீது" என்றான். எதிர்ப்பக்கத்து பிரவுசிங் சென்டரில் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். போனைக் கேட்பாள், மறுக்க வேண்டும் என்று வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். அவள் போனைக் கேட்கவில்லை.

"அப்பா, உனக்கு எந்த கிளாஸ்லேர்ந்து புரியாம போச்சு?"

மச்சான், எத்தனை மார்க் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. இதை ஒருவரும் கேட்டதில்லை. பத்தாவதில் கணக்குப் பாஸ் என்று கல்யாணத்துக்கு முன் தங்களிடம் சொன்னது உண்மையல்ல. சதவீதம் போட வேண்டி வரும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லித்தான் ரகுவிடம் தள்ளுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடவே இல்லை, கரண்ட் இல்லை.

"ஏழாவது," என்றேன்.

"பின்னத்துலயா?"

தலையை ஆட்டினேன்.

"செரி, அங்கேர்ந்து ஆரம்பிச்சிக்கலாம். இப்ப மணி நாலு அம்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து ஓடினாள். லோகு நான் சொல்லாமலே பெட்டியைத் திறந்தான். நாலு நாள் தூங்கிய போன் எழுந்திருக்க மூன்று நிமிடம் எடுத்தது. ஓடிபி வந்தபோது நாலு ஐம்பத்தேழு. நடுவில் கம்பி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. லோகு கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்த, கேட்டில் நின்றபடி ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கத்தினேன். ஒன்றுகூடத் தப்பில்லை. ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சென்டர் வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். பி.எஸ்ஸி., பி.எட். கணிதம்.

மேலே தெரிவிக்காமல் விட்ட சோதனை முடிவு: விரிசல் இல்லை. ஓகே.

ஒரு சிறு உதவி. வீட்டுக்குப் போகும் முன் ஐந்து கணக்கு எழுதி லோகுவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம். நாலு போட்டுவிட்டேன். ஐந்தாவது, எட்டில் மூன்றும் ஆறில் ஒன்றும். விடையை மட்டும் ஒரு கார்டில் எழுதி ஆலை முகவரிக்கு அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம். மிஸ் பார்த்துவிடுவாங்க.