பல்வலிக்கு யாரும் வரமாட்டார்கள்

புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்கு சுலாஸ்த்ரி மேடம், "நாளைக்கு எதுக்கு லீவு?" என்று கேட்டார். யுவோனோ அந்தக் கேள்விக்குத் தயாராக வந்திருக்கவில்லை.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவருக்கு இருபது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் எடுத்த லீவை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேடம் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அக்கறையில் கேட்டார். அந்த அலுவலகத்தில் சந்தேகத்தைச் சமாளித்துவிடலாம். அக்கறையைச் சமாளிக்க முடியாது.

காய்ச்சல் என்று சொன்னால் அன்று மாலையே வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். புகார்ப் பிரிவு மொத்தமும் இறங்கும். ஒரு டின் பிஸ்கட், ஒரு கூடை சலாக் பழம். கிளம்பும்போது நோயாளியை நடுவில் உட்காரவைத்து, சுற்றி நின்று கட்டைவிரலைத் தூக்கி ஒரு போட்டோ. போன வருடம் மூலத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட டிரைவரையும் அப்படித்தான் உட்காரவைத்தார்கள்.

உண்மையைச் சொன்னால் வேன் வராது. ஒரு வருடமாகத் தூக்கம் இல்லை, காலையில் சட்டைக்குள் கையை நுழைப்பதே மலையைத் தூக்குவதுபோல இருக்கிறது, நாளைக்கு மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் வேன் மட்டுமல்ல, அதற்குப்பின் அவர் மேசைப் பக்கமே யாரும் வரமாட்டார்கள்.

"பல்வலி மேடம்" என்றார்.

பல்வலிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தார்.

"ஐயோ. எந்தப் பக்கம்?"

"இடது."

பக்கத்து மேசையிலிருந்து கியாந்தோ நாற்காலியோடு உருண்டு வந்தான். யார் படுத்தாலும் முதலில் வேனைக் கிளப்புகிறவன் அவன்தான். சிரிக்கவைக்காமல் அவனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது.

"பல்லா அண்ணே? நானும் பயந்தே போயிட்டேன். ஒரு வருஷமா நீங்க சிரிச்சு நான் பாக்கல. சொத்தைப் பல்ல மறைச்சிருக்கீங்க, அவ்வளவுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். யுவோனோவும் வாயை மூடியபடி சிரித்தார்.

"பிடுங்கிப் போட்டுடுங்க. பல்லுல வலின்னா பல்லைப் பிடுங்கிடலாம். தலைக்குள்ள வலின்னா என்ன பண்றது, தலையையா பிடுங்குறது?"

"வாயை மூடுடா" என்றார் மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நீயும் நாளைக்கு லீவுதானே?"

"மாமியார் வீட்டுக் கூரை ஒழுகுது மேடம். நான் போய் ஏறலன்னா மாமியாரே ஏறிடும். அப்புறம் கூரையே இருக்காது."

அன்று மாலை முழுவதும் யுவோனோ வலது பக்கமாகவே மென்றார். யாரோ கிராம்புத் தைலம் கொடுத்தார்கள். இன்னொருவர் பொரித்த சோயாத் தெம்பேயை அவர் தட்டிலிருந்து எடுத்துவிட்டு வாழைப்பழம் வைத்தார். அந்த அன்பில் அவருக்கு அழுகை வந்தது. வலிக்கிறது போலும் என்று இன்னும் கொஞ்சம் தைலம் கொடுத்தார்கள்.

அந்த டாக்டர்வரை வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்தது. பேட்டை கிளினிக்கிலிருந்து கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள். கிளினிக்கில் முதல்முறை சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் முறை வேறு நிறத்தில் சத்து மாத்திரை. மூன்றாம் முறை மனைவி லெஸ்தாரி கூட வந்தாள். "ஆத்துப் பாலத்து மேல வண்டியை நிறுத்திட்டு நிக்கிறாருங்க. ரெண்டு தடவை நானே போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள். அப்போதுதான் கடிதம் எழுதினார்கள்.

மனநல டாக்டரம்மா வியாழக்கிழமை மட்டும் வருவார். அடுத்த வாரம் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார். திரும்ப நாற்பது நாள் ஆகும். நாற்பது நாள் தன்னால் தாக்குப்பிடிக்க முடியாது என்று யுவோனோவுக்குத் தெரியும். லெஸ்தாரிக்கும் தெரியும்.

"பாலத்து வழியா போவாதீங்க. சந்தையைச் சுத்திப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அவர் சந்தையைச் சுற்றித்தான் போனார்.

ஆஸ்பத்திரி மாடியில் நடையின் இடதுபுறம் பல் பிரிவு. அதற்கு நேர் எதிரே மனநலப் பிரிவு. அவருக்குக் கிடைத்த சீட்டு பதினேழாம் எண். பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. மனநலப் பிரிவு பெஞ்சின் ஓரத்தில், எதற்கும் இருக்கட்டுமென்று கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்தார்.

ஒலிபெருக்கி பதினான்கை அழைத்தபோது படியேறி கியாந்தோ வந்தான்.

அவரைப் பார்த்ததும் நின்றான். பிறகு ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"அண்ணே! இங்கயா இருக்கீங்க? உங்களை எங்கெல்லாம் தேடுறது!"

"நீ எப்படி இங்க? மாமியார் வீட்டுக் கூரை?"

"கூரை எங்க ஓடிப்போவுது? மனுஷன் முக்கியமா, கூரை முக்கியமா? நீங்க தனியா துடிச்சுக்கிட்டு இருப்பீங்கன்னு மனசு கேக்கல."

அவன் கையில் பழக்கூடை இல்லை. யுவோனோ அதைப் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"பழம் வேன்ல வருது" என்றான். சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்து வேனை வரச்சொன்னான்.

"ஐயோ, வேணாம் கியாந்தோ. வெறும் பல்லு."

"வெறும் பல்லாம்! சரி, பைத்தியக்கார பெஞ்சுல எதுக்கு உக்காந்திருக்கீங்க? பல்லு அந்தப் பக்கம்."

"அங்க இடம் இல்ல."

பல் பிரிவு பெஞ்சில் ஒரே ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். கியாந்தோ அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கினான்.

"வாங்க, வாங்க. இங்க உக்காந்தா பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

யுவோனோ கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றார். கியாந்தோவும் வந்தான். தண்ணீர் குடிக்கவேண்டும் என்றார். கியாந்தோ வாங்கி வந்தான். காற்று வேண்டும் என்றார். கியாந்தோ தொப்பியால் விசிறினான். அவனுக்கும் வியர்த்துக் கொட்டியது.

"நீ போய் கூரையைப் பாரேன்."

"உங்களை உள்ள அனுப்பிட்டுத்தான் போவேன். நீங்க உள்ள போங்க, நான் என் வேலையைப் பாக்கறேன்." பல் பிரிவுக் கதவைத் தட்டி, "நர்ஸக்கா, எங்க அண்ணன் வலியில செத்துக்கிட்டிருக்காரு, கொஞ்சம் முன்னாடி விடுங்க" என்றான்.

நர்ஸ் யுவோனோவின் முகத்தைப் பார்த்தார். உடனே நம்பிவிட்டார்.

அப்போது போன் அடித்தது. லெஸ்தாரி.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

கியாந்தோ தோளோடு தோளாக நின்றுகொண்டிருந்தான்.

"பாத்துக்கிட்டே இருக்கேன்."

"என்ன சொல்றாங்க?"

"பிடுங்கணுமாம்."

"எதைப் பிடுங்கணுமாம்?"

அவர் போனை அணைத்தார். நர்ஸ் அவரை உள்ளே கூட்டிப்போய்ப் பல் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"மனநலப் பிரிவு, எண் பதினேழு" என்றது ஒலிபெருக்கி.

யுவோனோ பல் பிரிவு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு சுலாஸ்த்ரி மேடம் நின்றார். பின்னால் புகார்ப் பிரிவு. டிரைவர் தலைக்குமேல் பழக்கூடையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பயந்து எந்திரிச்சு ஓடாதீங்க யுவோ. நாங்க இருக்கோம்ல" என்றார் மேடம்.

பல் டாக்டர் இளவயதுக்காரர். இத்தனை பேரை அவர் எதிர்பார்க்கவில்லை.

"எந்தப் பல்லுங்க?"

யுவோனோ வலது கடைவாயைக் காட்டினார்.

"நேத்து இடதுன்னீங்களே?"

"வலி அலையுது மேடம்."

டாக்டர் தட்டினார், குத்தினார், விளக்கைச் சாய்த்துப் பார்த்தார்.

"மனநலப் பிரிவு, எண் பதினேழு."

"பாவம், யாரோ எவரோ" என்றார் மேடம். "திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க. வந்து உக்காந்துட்டு உள்ள போக வெக்கமா இருக்கும்போல."

"நம்பர் ஞாபகம் இருந்தா அது ஏன் மேடம் பைத்தியம்?" என்றான் கியாந்தோ. டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கியாந்தோதான்.

சட்டைப் பைக்குள் சீட்டு வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

"பல்லுல ஒண்ணும் இல்லையே" என்றார் டாக்டர். "நல்லாத்தான் இருக்கு."

வாசலில் சிரிப்பு நின்றது. எல்லா முகங்களும் யுவோனோவைப் பார்த்தன. அப்படியானால் என்ன என்று அந்த முகங்கள் கேட்பதுபோல இருந்தது.

"பிடுங்கிடுங்க" என்றார் யுவோனோ.

"நல்ல பல்லுங்க."

"எனக்கு வேணாம். பிடுங்கிடுங்க."

ஒரு வருடத்தில் அவர் இவ்வளவு உறுதியாக எதையும் கேட்டதில்லை.

ஊசி போட்டார்கள். மரத்துப்போகக் காத்திருந்தார்கள். எதிரே பதினேழைக் கடைசியாக ஒருமுறை அழைத்துவிட்டுப் பதினெட்டை அழைத்தார்கள். ஓர் அம்மாள் எழுந்து போனார். அந்த அம்மாள் திரும்பி வருவதற்குள் இங்கே டாக்டர் ஒரு காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். நல்ல பல். லேசில் வரவில்லை. பத்தொன்பதை அழைத்தார்கள். மறுபடியும் அழைத்தார்கள். அதற்கும் யாரும் எழவில்லை. கியாந்தோ வாசலில் நின்று, மாமியார் ஏணியிலிருந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பல் தட்டில் விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

யுவோனோவின் வாயில் பஞ்சை அடைத்து, நாற்காலியை நிமிர்த்தி, போட்டோ எடுத்தார்கள். டாக்டரும் கட்டைவிரலைத் தூக்கினார்.

"ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

"இனிமே நிம்மதியா தூங்குவீங்க பாருங்க" என்றார் மேடம். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பழக்கூடையை யுவோனோவின் மடியில் வைத்தார். "ஏய் கியாந்தோ, வேன்ல வர்றியா?"

"கூரை மேடம்."

"மணி என்னடா ஆவுது? இனிமேல் போய் என்னத்த ஏறப்போற?"

கியாந்தோ எதிர்க் கதவை ஒரு தரம் பார்த்தான். பிறகு யுவோனோவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை ஈரமாக இருந்தது. அவன் கேலி எதுவும் சொல்லாதது யுவோனோவுக்கு விநோதமாகப் பட்டது.

"வர்றேன் அண்ணே. பாத்து இருங்க."

படியில் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. வேன் கிளம்பியது.

நடையில் யாரும் இல்லை. யுவோனோ பழக்கூடையோடு எழுந்து, ஐந்தடி கடந்து, எதிர்க் கதவைத் தட்டினார். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. கதவைத் திறந்த நர்ஸிடம் நனைந்த சீட்டை நீட்டினார்.

"பதினேழா? மூணு தடவை கூப்பிட்டாச்சே!" நர்ஸ் அவர் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். கடைவாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, உள்ள வாங்க. டாக்டரம்மா இன்னும் கிளம்பல. பேச முடியலன்னாலும் பரவாயில்ல, சும்மா உக்காந்திருங்க. அவங்க பாத்துப்பாங்க."

யுவோனோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பஞ்சுக்கு மேலே, ஒரு வருடத்துக்குப் பிறகு, உதடு தானாக ஒரு பக்கம் விரிந்தது.

நர்ஸ் அவரைத் தாண்டி நடையின் இருபுறமும் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, உங்க கூட நின்னு சத்தமா சிரிச்சுக்கிட்டிருந்தாரே, அவருதான் பத்தொன்பது. இன்னைக்கு அவரை மட்டும் பாக்காம விட்டுடாதேன்னு டாக்டரம்மா காலையிலேயே சொல்லி வச்சிருந்தாங்க. எந்தப் பக்கம் போனாரு?"