மன்னர் இன்னும் வளரவில்லை

மலைக்கு அந்தப் பக்கம், வரைபடம் போட்டவர்கள் சோம்பல்பட்டு விட்டுவிட்ட இடத்தில், மஞ்சாடி என்றொரு நாடு இருந்தது. அதன் மன்னர் இளவழுதி சின்னஞ்சிறு வயதில் பட்டத்துக்கு வந்தவர். அரண்மனைத் தூணில் செந்தூரத்தால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். மன்னரின் தலை அந்தக் கோட்டைத் தொடும் நாளில் முத்திரை மோதிரம் அவர் கைக்கு வரும், ஆட்சியும் வரும். அதுவரை ஒரு காப்பாளர் நாட்டைப் பார்த்துக்கொள்வார். யார் காப்பாளர் என்பதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உயரம் அளந்து முடித்ததும், மன்னரே விரல் நீட்டிச் சொல்வார். சட்டம் அவ்வளவுதான். யாரும் குறை சொல்ல முடியாத சட்டம்.

இந்தக் கதை நடக்கும்போது மன்னருக்கு மீசை நரைத்துவிட்டது.

காப்பாளர் பதவிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அறம்வளர்த்தார், இன்னொருவர் பொருள்வளர்த்தார். ஒருவர் ஆளும்போது மற்றவர் நாடு பாழாகிறது என்பார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள், பேச்சும் கூடவே மாறிக்கொள்ளும். மன்னர் உண்மையிலேயே வளர்ந்துகொண்டிருந்த நாட்களில், ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கோடு கொஞ்சம் மேலே போயிருந்தது. அப்போது அறம்வளர்த்தார் அவையில் விளக்கம் சொன்னார்.

"மன்னர் வளரவில்லை என்று எவரும் கூறவில்லை. நாடும் கூடவே வளர்ந்திருக்கிறது. அதற்கேற்பக் கோடும் உயர்ந்திருக்கிறது."

அவை கைதட்டியது.

மன்னர் விரல் நீட்டும் காலம் நெருங்கினால் விளையாட்டுச் சாமான்கள் வரும். ஒருமுறை அழகான மரக்குதிரை வந்தது. மன்னரின் சொந்தக் களஞ்சியத்துக் கதவைக் கழற்றித்தான் அதைச் செய்திருந்தார்கள். அந்த ஆண்டு விதைநெல்லை எலி தின்றது. மன்னரே சிறுவராக இருக்கும்போது குடிமக்கள் பெரியவர்களாக இருப்பது மரியாதைக் குறைவு என்று பிறகு ஓர் ஆணை வந்தது. அன்று முதல் நாட்டில் எல்லோரும் சிறுவர்கள். சிறுவர்களுக்கு அரைக் கூலி, கல்யாணம் கிடையாது. முறையிட வந்த மீனவர்களைப் பொருள்வளர்த்தார் அன்போடுதான் வரவேற்றார்.

"பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் வெளியே போய் விளையாடுங்கள்."

அவர்களும் போய் விளையாடினார்கள். உள்ளதைச் சொன்னால், அவர்கள் அப்படியொன்றும் வருத்தமாக இல்லை. வயிறு கொஞ்சம் காய்ந்தது, ஆனால் பொறுப்பு என்ற பாரம் தலையில் இல்லை.

மன்னருக்கு அத்தை மகள் ஒருத்தி இருந்தாள். பெயர் கோதை. சிறுவயதிலேயே அவருக்கென்று பேசி வைத்த பெண். ஆணை என்ன சொன்னாலும் அவள் பாட்டுக்கு வளர்ந்துவிட்டாள். களஞ்சியத்துக்குக் கீற்றுத் தட்டியில் ஒரு கதவு கட்டி வைத்ததும் அவள்தான். அளக்கும் நாளுக்கு முந்தைய மாலை, நந்தவனத்தில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த மன்னரிடம் வந்தாள்.

"அத்தான், நாளைக்கு அளக்கப் போறாங்க."

"தெரியும். புதுப் பட்டம் ஒண்ணு வருதாம். வாலு இந்த மரத்து உசரம் இருக்குமாம்."

"படகுப் பாயைக் கிழிச்சுத்தான் அதைத் தைக்கிறாங்க. கரையில படகெல்லாம் சும்மா கெடக்கு. நாளைக்கு நீங்க பெரியவராயிட்டா ஒரே முத்திரையில எல்லாத்தையும் சரி பண்ணலாம். நம்ம கல்யாணமும் நடக்கும்."

"கோடு எட்ட மாட்டேங்குதே கோதை. நான் என்ன பண்றது?"

"நான் போய்ப் பாத்தேன். இப்பல்லாம் அதை யாரும் உசத்துறதே இல்ல. ரொம்ப வருஷமா ஒரே எடத்துலதான் இருக்கு. உங்க நெத்தி அளவுதான்."

மன்னர் பம்பரத்தில் கயிற்றைச் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"பெரியவனானா காலையில எந்திரிக்கணும். எல்லாரும் வந்து முன்னால நிப்பாங்க. தப்பா முடிவெடுத்தா என்னைத்தான திட்டுவாங்க. இப்பப் பாரு, அந்த ரெண்டு பேரையும் நான் திட்டுறேன். நல்லாருக்கு."

"நாளைக்கு ஒரு நாள் நேரா நில்லுங்க அத்தான். மத்தத நான் கூட இருந்து பாத்துக்கிறேன்."

"நிக்கிறேன்," என்றார் மன்னர். மனதாரத்தான் சொன்னார். கோதை மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.

மறுநாள் அவை நிரம்பி வழிந்தது. மன்னர் தூணோரம் போய் நிமிர்ந்து நின்றார். தலை கோட்டைத் தாண்டியிருந்தது. சங்கு ஊதுகிறவன் ஊத மறந்து நின்றான். காப்பாளர்கள் இருவரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு பொருள்வளர்த்தார் அந்தப் பட்டத்தைப் பிரித்துக் காட்டினார். சிவப்புப் பட்டம், தங்க நிறத்தில் வால்.

"மன்னர் பெரியவராகிவிட்டால் இதை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் அடியேன் கவலை."

மன்னரின் அங்கி தரையைத் தொடும் நீளம். அதற்குள்ளே முழங்கால்கள் மெல்ல மடங்கின. தலை கோட்டுக்குக் கீழே இறங்கியது.

"மன்னர் இன்னும் வளரவில்லை," என்று அறம்வளர்த்தார் அறிவித்தார்.

அவை ஆரவாரம் செய்தது. மன்னரைக் கோபித்துக்கொள்ளக் கோதையால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நல்ல காற்றில் பட்டம் விடுகிற சுகம் அப்படிப்பட்டது.

மன்னர் விரல் நீட்டிப் பொருள்வளர்த்தாரைத் தேர்ந்தெடுத்தார். விளையாட்டு நினைப்பில் இன்னொரு தடவை விரல் நீட்டிவிடக் கூடாதே என்பதற்காக, வழக்கப்படி அவருடைய இடது ஆள்காட்டி விரலில், நகமும் தோலும் சேரும் இடத்தில், ஒரு சொட்டு மை வைத்தார்கள். மை காய்வதற்குள் மன்னர் பட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோதையிடம் ஓடினார். அந்த விரலை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா கோதை, நான்தான் ராஜா."